சிஎச்மாட் 777 வேண்டாம்: நிறுவல் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

திறமூல மென்பொருள்களுக்கு நிறுவல் குறிப்பு எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் குறிப்புகளில் விண்டோஸ் பயனர்களுக்கான பகுதியில் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் இருக்கிறது. ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்தால் சிஎச்மாட் 777 (கோப்பைப் படிக்க, எழுத, இயக்க எல்லாருக்கும் அனுமதி தரும் கட்டளை) கொடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் சுடோ (ரூட் எனும் தலைமைப் பயனராகக் கட்டளையை ஓட்டுவது) போடுங்கள். அந்த வரியை நீக்கிவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். பல இடங்களில் அதனால் எதுவும் நடக்காது. நடக்கிற இடத்திலோ, பூட்டியிருக்க வேண்டிய கோப்பு எல்லாருக்கும் திறந்துவிடுகிறது.

கோப்பு எந்த டிரைவில் இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில், உபுண்டு லினக்ஸின் ஹோம் கோப்புறைக்குள் இருந்தால் அது அசல் லினக்ஸ் கோப்பு. சிஎச்மாட் வழக்கம்போல் வேலை செய்யும். எம்என்டி கோப்புறைக்குக் கீழே தெரியும் சி டிரைவ் அப்படியல்ல. அதற்குப் பின்னால் இருப்பது விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ். அங்குள்ள கோப்புகளில் லினக்ஸ் அனுமதி எதுவும் பதிவாகியிருக்காது. விண்டோஸ் அனுமதியைப் பார்த்து டபிள்யூஎஸ்எல் ஒன்றைக் கணித்துக் காட்டுகிறது, பெரும்பாலும் 777 என்று. உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத அனுமதிக்கும் சிஎச்மாட் 600 கொடுத்தால் சில நேரம் சத்தமில்லாமல் முடியும், சில நேரம் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று திரும்பும். இரண்டிலும் 777 அப்படியே நிற்கும். தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியை அங்கிருந்தே பயன்படுத்தப் பார்ப்பவர்கள் ‘பெர்மிஷன்ஸ் 0777 ஆர் டூ ஓபன்’ என்ற செய்தியில் மாட்டிக்கொள்வது இதனால்தான். சாவியை லினக்ஸ் ஹோமிலுள்ள எஸ்எஸ்எச் கோப்புறைக்கு நகலெடுத்து அங்கே 600 கொடுத்தால் தீர்ந்தது.

சி டிரைவிலேயே வேலை செய்தாக வேண்டும் என்றால் ஈடிசி கோப்புறையில் டபிள்யூஎஸ்எல்-லின் கான்ஃப் கோப்பைத் திறந்து, ஆட்டோமவுண்ட் பகுதியின் ஆப்ஷன்ஸ் வரியில் மெட்டாடேட்டா, யூமாஸ்க் 22, எஃப்மாஸ்க் 11 என்று எழுத வேண்டும் (மாஸ்க் எண்கள் எந்த அனுமதிகளைக் கழிப்பது என்று சொல்பவை; எஃப்மாஸ்க் கோப்புகளுக்கு மட்டும்). பிறகு பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கட்டளை கொடுக்க வேண்டும். டெர்மினல் சன்னலை மூடினால் மட்டும் போதாது. இந்த ஒரு படியைக் குறிப்பில் விட்டுவிடுவதால்தான் ‘செய்து பார்த்தேன், மாறவில்லை’ என்ற புகார்கள் வருகின்றன. இதன்பின் சிஎச்மாட் கொடுக்கும் எண் கோப்போடு சேர்த்து என்டிஎஃப்எஸ்ஸிலேயே சேமிக்கப்படும். எண் பதிவாகாத பழைய கோப்புகள் 744 என்றும் கோப்புறைகள் 755 என்றும் தெரியும். எஃப்மாஸ்க்கை 111 ஆக்கினால் பட்டியல் இன்னும் அழகாக இருக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் செய்தால் இயக்கும் அனுமதி போய்விடும். லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் பாஷிலிருந்து விண்டோஸ் நிரல்களைத் திறக்க முடியாது.

சுடோ பற்றி ஒரு வார்த்தை. டபிள்யூஎஸ்எல்லுக்குள் ரூட் ஆவது விண்டோஸில் அட்மின் ஆவதாகாது. சி டிரைவைத் தொடும்போதெல்லாம், டபிள்யூஎஸ்எல்லைத் திறந்த விண்டோஸ் பயனருக்கு என்ன உரிமையோ அதுதான் செல்லுபடியாகும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முடியாதவர் சுடோ போட்டாலும் எழுத முடியாது.

லினக்ஸ் கருவிகளை விண்டோஸ் நிரல்களாகவே தரும் சிக்வினில் சிக்கல் வேறு வகை. அது யூனிக்ஸ் அனுமதியை விண்டோஸின் ஏசிஎல் (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்) ஆகவே மாற்றி எழுதுகிறது. யூனிக்ஸில் உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்றில் முதலில் பொருந்துவது மட்டுமே செல்லும். விண்டோஸோ பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து உரிமைகளைச் சேர்த்துக்கொண்டே போகும். 604 என்ற அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள்: உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; குழுவுக்கு எதுவும் இல்லை; மற்றவர் படிக்கலாம். குழுவில் இருப்பவர் ‘மற்றவர்’ வழியாக உள்ளே வந்துவிடாமல் தடுக்க, உரிமையாளரின் ‘அலவ்’ வரிக்குப் பின் குழுவுக்கு ஒரு ‘டினை’ வரியைச் சிக்வின் வைக்கிறது. எக்ஸ்புளோரரின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தால், வரிசை தவறாக இருக்கிறது என்று எச்சரித்து அடுக்கித் தரட்டுமா என்று கேட்கும். பயனர் சம்மதித்தால் ‘டினை’ மேலே ஏறிவிடும். உரிமையாளரும் அந்தக் குழுவில் இருப்பார் என்பதால் தன் கோப்பையே அவரால் படிக்க முடியாமல் போகும்.

ஆகவே அங்கே சம்மதிக்க வேண்டாம் என்று குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். ஏற்கெனவே கெட்டுவிட்டதென்றால், அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் டேக்ஓன் மூலம் உரிமையை மீட்டு, ஏசிஎல்லை மாற்றும் ஐகேக்ல்ஸ் கட்டளையை ரீசெட், டி ஆகிய இரண்டு சுவிட்சுகளோடு அந்தக் கோப்புறைக்குக் கொடுத்தால், தாய்க் கோப்புறையின் அனுமதியே உள்ளே எல்லாவற்றுக்கும் இறங்கும். எந்தக் கோப்புறை என்பதைக் கவனமாகச் சொல்லுங்கள். சி டிரைவின் வேரில் இதை ஓட்டிவிடக் கூடாது.

மறுபடி வராமலிருக்க, சிக்வினின் எஃப்எஸ்டேப் கோப்பில் சிக்டிரைவ் (சி போன்ற விண்டோஸ் டிரைவ்கள் சிக்வினில் தெரியும் இடம்) வரியில் பைனரி, போசிக்ஸ் 0, யூசர் என்று இருப்பவற்றோடு, ஏசிஎல்லைத் தொடாதே என்று சொல்லும் நோஏசிஎல் சேர்த்து, எல்லாச் சிக்வின் நிரல்களையும் மூடித் திறக்கச் சொல்லுங்கள். இது சிக்டிரைவ் வழியாகத் தொடும் கோப்புகளுக்கு மட்டும்தான் பொருந்தும். சிக்வினின் ஹோம் வேறு மவுண்டில் இருப்பதால் அங்குள்ள சாவிகளின் 600 கெடாது. கோப்புகளை நகலெடுக்க ஆர்சிங்க் பயன்படுத்துகிறவர்களுக்கு ஏ சுவிட்சோடு நோ-பெர்ம்ஸ் சேர்க்கவும் சொல்லுங்கள். ஏ என்பதற்குள் அனுமதியையும் நகலெடுக்கும் பி அடங்கியிருக்கிறது.

நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில், யாரும் தொடாத கோப்புகள் 100644-லிருந்து 100755-க்கு மாறியதாகக் காட்டினால் அந்த ரெப்போவில் (கிட் கண்காணிக்கும் கோப்புறையில்) அனுமதி மாற்றத்தைக் கவனிக்கும் கோர் ஃபைல்மோட் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் போதும்.

இன்னொன்று: கோப்பைப் படிக்க முடிகிறது, பெயர் மாற்றவோ நீக்கவோ போனால் மட்டும் ‘பெர்மிஷன் டினைட்’ வருகிறது என்றால், அனுமதியைத் தொடுவதற்கு முன் வேறு நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆன்டிவைரஸ், எடிட்டர், பின்னணியில் ஓடும் பில்டு என எதுவாகவும் இருக்கலாம். ரிசோர்ஸ் மானிட்டரின் சிபியு பக்கத்தில், அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் தேடல் பெட்டியில் கோப்பின் பெயரைப் போட்டால் பிடித்திருக்கும் நிரல் தெரிந்துவிடும். அதை மூடிவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
விண்டோஸில் இக்கருவிகளைப் பயன்படுத்துவோர் சிலர்