அஸ்தம்பட்டி நாய்க்கார சனங்களுக்கு ஒரு கடுதாசி: அந்த உப்பு டப்பாவ கொஞ்சம் மூடி வைங்க

காலைல அஞ்சரைக்கு அஸ்தம்பட்டி டீக்கடை முன்னாடி நாயோட நிக்கிற அண்ணன்மாரு, அக்காமாரு எல்லாருக்கும் வணக்கமுங்க. நேர்ல பேசுனா யாரும் முழுசா சொல்ல விடமாட்டேங்கிறீங்க, அதான் எழுதிட்டேன்.

போன வாரம் நம்ம அண்ணன் ஒருத்தர், சேலம் வெயிலுக்கு நமக்கே வேர்த்து ஊத்துது, நாய்க்கும் உப்பு குறையும்ல, குடிக்கிற தண்ணில ஒரு ஸ்பூன் போட்டு வைங்கன்னாரு, எல்லாரும் தலைய ஆட்டிட்டீங்க. ஏனுங்க, நாய்க்கு எங்க வேர்க்குது? பாதத்துல மட்டும் லேசா கசியும், சிமெண்ட் தரைல நடந்தா ஈரத்தடம் தெரியும் பாருங்க, அவ்ளோதான். மிச்ச சூடெல்லாம் நாக்க தொங்கப்போட்டு இரைக்கிறதுலதான் வெளிய போகுது, அதுல குறையறது தண்ணிதான், உப்பு இல்ல.

நாய்க்கு உப்புல இருக்குற சோடியமே வேணாம்னு சொல்லல. 1000 கலோரி தீனிக்கு 200 மில்லிகிராம் சோடியம்னு அமெரிக்காவோட தேசிய ஆராய்ச்சி கவுன்சில் 2006ல கணக்கு போட்டிருக்காங்க, உப்பா பாத்தா அரை கிராம். எங்க மணி 20 கிலோ, அவன் ஒரு நாளைக்கு திங்கிறதே சுமாரா அந்த 1000 கலோரிதான். கால் கிலோவுக்கு கொஞ்சம் கம்மியா கோழிக்கறி, ஒரு முட்டை போட்டாலே அந்த சோடியம் வந்துடுது. கடைல வாங்குற டாக் ஃபுட்ல சேர்த்துதான் வருது. ஏற்காட்டுல மாட்டுக்கு உப்புக்கட்டி வைக்கிறாங்களேன்னு ஒரு அக்கா கேட்டீங்க, மாடு புல்லு திங்குதுக்கா, புல்லுல சோடியம் ரொம்ப கம்மி, அதான் தேடி நக்குது.

இன்னொரு கட்சி எங்கம்மா மாதிரி. உப்பு பட்டா முடி கொட்டிடும்னு வெறும் சோறும் தயிரும் மட்டும் பிசைஞ்சு வைப்பாங்க. முடி கொட்டுனா முதல்ல காது மடிப்ப விரிச்சு உண்ணி இருக்கா, சொறி இருக்கான்னு பாருங்க. அரிசில சோடியம் அனேகமா இல்லவே இல்ல, அதனால கறி முட்டை தொடாத வீட்டுலதான் நெஜமாவே ஒரு சிட்டிகை வேண்டியிருக்கும், அதையும் டாக்டர்ட்ட கேட்டுட்டு போடுங்க.

இப்ப நான் எழுத உக்காந்த விஷயத்துக்கு வரேன். போன வருஷம் மணி குழந்தையோட சாக்லேட்ட பேப்பரோட முழுங்கிட்டான், பதறிப்போய் ஃபோன் பண்ணுனா நம்ம கூட்டத்துலயே ஒருத்தர் உப்ப கரைச்சு வாயில ஊத்து, கக்கிடும்னாரு, நானும் அறிவில்லாம மூணு பெரிய ஸ்பூன் கல்லுப்ப கரைச்சு ஊத்துனேன், கொஞ்சம் கக்குனான், அப்புறம் ஒரு வாளி தண்ணிய மூச்சு விடாம குடிச்சான், பின்னங்கால் ரெண்டும் வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சிருச்சு. ஊசி ட்ரிப்ஸ்னு ரெண்டு நாள். "சாக்லேட்ட விட நீ ஊத்துன உப்புதான்யா வேலைய காட்டிருக்கு"ன்னு டாக்டர் திட்டுன திட்டு இன்னும் காதுல இருக்கு. நாயோட எடைல கிலோவுக்கு 2 கிராம் போனாலே விஷம் மாதிரி வேலை செய்யுமாம், 4 கிராம்னா உயிருக்கே ஆபத்து. எங்க மணியோட 20 கிலோவுக்கு அந்த 2 கிராம் கணக்குல 40 கிராம். நீங்க கூட்டிட்டு வர்ற 8 கிலோ பக் நாய்க்கு ஒரு பெரிய ஸ்பூனே போதும், நெனச்சுப் பாருங்க.

அந்த லேப்ரடார் தாத்தாவுக்கு ஹார்ட் மாத்திரை ஓடுது, அவருக்கு கருவாட்டுத் தலை போடுறத நிறுத்துங்க அக்கா, ப்ளீஸ். தட்டுவடை செட்டும் வேணாம், உப்பு ஒருபக்கம், அதுல கெடக்குற வெங்காயம் நாயோட ரத்தத்தையே கெடுக்கும். (நமக்கு நல்லாத்தான் இருக்கும், இன்னொரு ப்ளேட் நாமளே சாப்டுக்கலாம்.)

டீக்கடை அண்ணன்ட்ட பேசிட்டேன், நாளைலருந்து பெஞ்சுக்கு கீழ ஒரு மண்சட்டி இருக்கும். நான் காலைல ரொப்பிடுறேன், பத்து மணிக்கு மேல கடைக்கு வர்றவங்க யாராவது ஒருக்கா மாத்தி ஊத்துங்க. வெறும் தண்ணி மட்டும்.

இப்படிக்கு,
மணியோட ஓனர்