சடாயு நேருக்கு நேர் மோதுவாரா?

சென்னை
ஞாயிறு மதியம்

அன்புள்ள சேவியர்,

கோபமாகத்தான் இருப்பாய். உன் வாய்ஸ் மெசேஜ்களுக்கெல்லாம் வெறும் கட்டைவிரலை அனுப்பிக்கொண்டிருந்தேன். அதற்கான திட்டை ஊருக்கு வரும்போது நேரில் வாங்கிக்கொள்கிறேன். அம்மா சுகம். சுகந்திக்கு பிரஷர் குறைந்திருக்கிறது. வீட்டு ஓனர் அதே வீட்டு ஓனர். போதுமா? விஷயத்துக்கு வருகிறேன், இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

ஒரு பதிப்பகம் குழந்தைகளுக்கு ராமாயணப் படக்கதை போடுகிறது. சடாயு சண்டை என் பங்குக்கு வந்திருக்கிறது. எடிட்டர் தம்பி நல்ல பையன், வேலை தெரிந்தவன், ஆனால் பிடிவாதக்காரன். நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து ஒரே படம் வேண்டுமாம். இடப்பக்கமிருந்து ராவணன், வலப்பக்கமிருந்து சடாயு, இருவரும் ஆகாயத்தில் முழு வேகத்தில் பாய்ந்துவந்து நட்டநடுவில் மோத வேண்டும். மோதும் இடத்தில் வெள்ளை வெளிச்சம், அதைச் சுற்றி வளையம் வளையமாக அதிர்வு. “டிராகன் பால் மாதிரி சார், பாத்திருக்கீங்களா?” என்று அந்த ஜப்பான் காமிக்ஸைப் பற்றிக் கேட்டான். என்னிடம்! மொட்டைமாடியில் நின்று, அதன் நாயகன் கோகு கையிலிருந்து ஒளிக்கதிர் விடும்போது கத்துகிற ‘கமேஹமேஹா’வைக் கத்தி மேரி டீச்சர் வீட்டுக் கோழியை முட்டையிடாமல் செய்த என்னிடம்!

சரி என்று வரைந்தேன். கோடெல்லாம் சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் தள்ளி வைத்துப் பார்த்தால் விசிட்டிங் கார்டில் போடும் லோகோ மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் நட்சத்திரம். யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை என்று படமே சொல்கிறது. அன்றிலிருந்து இதே யோசனை. சுகந்தி ரசத்துக்கு உப்பு போதுமா என்று கேட்டால்கூட நான் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ பிசிக்ஸ் வாத்தியார், நீயே சொல். இரண்டு பேரும் ஒரே எடை, ஒரே வேகம் என்று வை. நேருக்கு நேர் வந்து முட்டினால் மொத்த உந்தம் பூஜ்யம். அந்தரத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுப் பொத்தென்று விழ வேண்டியதுதான். குத்துச்சண்டை இன்னும் மோசம். தரையில் குத்துகிறவனுக்குக் குதிகால் இருக்கிறது. அங்கே ஊன்றிய பலம்தான் இடுப்பு, தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது. ஆகாயத்தில் எதன்மேல் ஊன்றுவது? எதிராளி பின்னால் போனால் குத்தினவனும் பின்னால் போக வேண்டும். படக்கதை ஆட்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத சிமெண்ட் தரையில் நின்று குத்திக்கொண்டே இருப்பார்கள்.

இந்த ஆகாயச் சண்டைக்கு மூலகாரணத்தைத் தேடிப் போனால் சூப்பர்மேன் வந்து நிற்கிறான். 1938-இல் காமிக்ஸில் முதலில் வந்தபோது அவன் பறக்கவில்லை, தெரியுமா? ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தாவுவான், அவ்வளவுதான். 1941-இல் ஃபிளைஷர் ஸ்டுடியோக்காரர்கள் கார்ட்டூன் எடுத்தபோது, தாவித் தாவிப் போவது திரையில் அசட்டுத்தனமாக இருக்கிறதென்று பறக்க விட்டார்கள். படம் போடுகிறவனாக அவர்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் தாவுகிறவன் எங்கே இறங்குவான் என்று பார்க்கிறவனுக்கு ஒரு பதைப்பு உண்டு. பறக்கிறவன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். 2003-இல் வந்த மூன்றாவது மேட்ரிக்ஸ் படத்தில் நாயகன் நியோவும் வில்லன் ஸ்மித்தும் கொட்டும் மழையில் பாய்ந்து மோதுகிற இடம் ஞாபகமிருக்கிறதா? அந்த மழைத்துளிகள் உருண்டையாக விரிந்து சிதறுவது மட்டும் எனக்கு இன்றும் பிடிக்கும். மோதின இரண்டு பேரைப் பற்றி ஒரு கவலையும் வரவில்லை. மழைதான் அடி வாங்குகிறது.

இப்போது டிராகன் பாலில் வரும் சண்டைப் போட்டி, 22-ஆவது டென்காய்ச்சி புடோகாயின் இறுதிச் சுற்றுக்கு வா. நாம் இதைப் பற்றிச் சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறோம், நியாயம் என் பக்கம்தான் இருந்தது, போகட்டும். எதிராளி டியென்ஷின்ஹானுக்குப் பறக்கத் தெரியும். சின்னப் பையன் கோகுவுக்குத் தெரியாது. டியென் மேலே போய், கீழே இருந்த மேடையை மொத்தமாகத் தகர்த்துவிடுகிறான். மேடை இருந்த இடத்தில் பெரிய பள்ளம். அடி படாமல் மேலே எகிறிவிட்ட கோகுவுக்கு இறங்க இடமில்லை. தரையைத் தொட்டால் தோற்றான். அப்போது அந்தப் பொடியன் என்ன செய்கிறான்? கமேஹமேஹாவை எதிராளி மேல் விடவில்லை. பின்பக்கம் விட்டு, அந்த உந்துதலில் தானே ராக்கெட்டாகப் போய் டியென் மேல் தலையால் முட்டுகிறான். நியூட்டனின் மூன்றாம் விதியை இதைவிட அழகாக எந்த வகுப்பில் நடத்த முடியும்? ஊன்ற இடமில்லாதவன் ஊன்றுகோலைத் தானே செய்துகொள்கிறான். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து விழுகிறார்கள். யார் முதலில் தரையைத் தொடுகிறார் என்பதுதான் போட்டி. விழுகிற வழியில் கோகு ஒரு வண்டியில் போய் இடித்து, ஒரு நொடி வித்தியாசத்தில் தோற்றுப்போகிறான். வண்டியில்! இதை வரைந்த டோரியாமாவைத் தவிர வேறு யாருக்கு இந்தத் தைரியம் வரும்?

அடுத்த போட்டியில் வில்லன் பிக்கோலோவோடு சண்டை. இந்தமுறை கோகுவுக்குப் பறக்கத் தெரியும், ஆனால் கடைசிவரை நமக்குக் காட்டவில்லை. கைகால் எல்லாம் நொறுங்கின பிறகு, அடிப்பதற்கு உடம்பில் வேறெதுவும் மிச்சமில்லாதபோதுதான் வானத்திலிருந்து வந்து மறுபடியும் தலையால் முட்டுகிறான். இரண்டு முட்டும் ஒன்றில்லை, பார். முதல் தடவை பறக்கத் தெரியாததால் முட்டினான், இரண்டாம் தடவை பறக்க மட்டுமே முடிந்ததால் முட்டினான்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் பறக்கத் தெரிந்துவிட்டது. எனக்குக் கதை அங்கேதான் இளைத்துவிட்டது. நீ இங்கே பல்லைக் கடிப்பாய், கோகுவுக்குப் போட்டியாகப் பிறகு வரும் வெஜிட்டாவின் கட்சிக்காரன். ஆனால் யோசித்துப் பார். இரண்டு பேர் மறைந்துவிடுவார்கள், வானத்தில் அங்கங்கே வெடிச்சத்தமும் வளையமும் மட்டும் வரும், கீழே நிற்கிறவர்கள் “கண்ணாலேயே பார்க்க முடியலையே” என்பார்கள். உள்ளதைச் சொல்கிறேன், அது வரைகிறவனுக்குப் பெரிய உபகாரம். ஆளே வரைய வேண்டாமே! டோரியாமா இதில் ராஜா. கோகு பலம் பெருகி மாறுகிற சூப்பர் சையன் உருவத்துக்குத் தலைமுடியைப் பொன்னிறமாக்கியதே, கறுப்பு மை பூசுகிற வேலை மிச்சமாகுமே என்றுதான். 1984 முதல் 1995 வரை வாரம் தவறாமல் வரைந்தவருக்கு அந்தச் சோம்பல் உரிமை உண்டு. 2024 மார்ச்சில் அவர் இறந்த செய்தி வந்தபோது நீ எனக்கு ஒரு வார்த்தையும் எழுதாமல், அந்த வண்டிப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினாய். அதற்கும் நான் பதில் போடவில்லை.

ஒன்று சொல்லட்டுமா? நமக்கு உயரம் என்றாலே பயம் வருவதற்கு ராஜமணி அண்ணன் காரணமாக இருக்கலாம். தளைநாரும் முருக்குத்தடியுமாக அவர் பனையில் ஏறுவதை அண்ணாந்து பார்த்துத்தானே வளர்ந்தோம். இறங்கி வந்து நமக்கு அக்கானிப் பதநீர் ஊற்றித் தருவார். அவர் விழுந்த பிறகு அந்தக் கட்டிலைப் போய்ப் பார்க்க உனக்கு இருந்த தெம்பு எனக்கு இல்லை. இப்போதும் மாதாமாதம் நீ போகிறாய் என்று அம்மா சொன்னாள். அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போ, நான் நழுவப் பார்த்தாலும் விடாதே.

சரி, சடாயு. போன வாரம் மாடியில் துணி காயப்போடும்போது ஒரு பருந்தைக் கரிச்சான் விரட்டுவதைப் பார்த்தேன். நம் இரட்டைவால் குருவிதான், பருந்தின் இறக்கையில் பாதிகூட இருக்காது. ஒரு தடவைகூட எதிரே வந்து மோதவில்லை. மேலே ஏறுகிறது, பருந்தின் முதுகில் விழுந்து ஒரு கொத்து, உடனே மேலே. பருந்து திரும்பும் முன்னால் அது அங்கே இல்லை. பறக்கிற உயிருக்கு நகம் எட்டாத இடம் தன் முதுகுதான் என்பது அந்தக் குருவிக்குத் தெரிந்திருக்கிறது.

கையோடு வால்மீகியை எடுத்துப் பார்த்தால் மனுஷன் அதையே எழுதிவைத்திருக்கிறார். சடாயு முதலில் தன் வயதைச் சொல்கிறார், அறுபதாயிரம் வருடம். உனக்கு இளமை, வில், கவசம், தேர் எல்லாம் இருக்கிறது, ஆனாலும் விட மாட்டேன் என்கிறார். பிறகு வில்லை உடைக்கிறார், தேரை உடைக்கிறார், ராவணன் தரையில் விழுகிறான். மறுபடி அவன் எழும்பிப் பறக்கும்போது கிழவர் போய் இறங்குகிற இடம் எது? அவன் முதுகு! மதம் பிடித்த யானைமேல் பாகன் ஏறியதுபோல என்கிறார் வால்மீகி. முதுகைக் கிழித்து, இடப்பக்கத்துக் கைகள் பத்தையும் பிய்த்துப்போடுகிறார். அவை திரும்ப முளைக்கின்றன. கடைசியில் வாள் வந்து இறக்கையை வெட்டுகிறது. பறவைக்கு இறக்கை போனால் மிச்சம் தரைதான்.

நம் கம்பன் இன்னும் ஒரு படி மேலே. அவனுடைய ராவணன் சீதையைத் தொடுவதில்லை. பர்ணசாலை நின்ற நிலத்தையே பெயர்த்துத் தேரில் ஏற்றிக்கொண்டு போகிறான். மக்கா, தரையே ஆகாயத்தில் போகிறது! மண்ணும் வேரும் உதிர்ந்துகொண்டே போகும் அந்தத் துண்டு நிலத்தை வரைய ஆரம்பித்தேன், விடிந்ததே தெரியவில்லை. எடிட்டர் கேட்ட வெளிச்சமெல்லாம் எதற்கு? அந்த மண்ணைக் காட்டினாலே எவ்வளவு உயரம், விழுந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

ஆக இரண்டு படம் கையில் இருக்கிறது. ஒன்று, எடிட்டர் கேட்ட மோதல். இன்னொன்றில் பார்வை மேலிருந்து கீழே. கிழவர் ராவணன் முதுகில் நகத்தை ஊன்றியிருக்கிறார், தேர் சாய்கிறது, மண் உதிர்கிறது, அடியில் காட்டு மரங்கள் கடுகளவு. ராவணன் முகம் ஒன்றுகூடச் சரியாகத் தெரியாது, பத்துத் தலையில் பத்தும் வேறு வேறு பக்கம் திரும்பித் தேடுகின்றன. அதை வரைந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

புதன்கிழமை எடிட்டரிடம் பேச வேண்டும். அதற்குள் இரண்டு படத்தையும் உன் வாட்ஸப்புக்கு அனுப்புகிறேன். உன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டு. நீ வாயே திறக்காதே, உன் முகத்தைப் பார்த்தே அவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். கையைத் தூக்கச் சொல்லி எண்ணிக்கொள். முதல் படம்தான் ஜெயித்தது என்றால் எனக்குச் சொல், எடிட்டருக்குத் தெரியவே வேண்டாம்.

உன்,
சிவா

பி.கு.: அந்த ஸ்க்ரூ டிரைவர் செட் என்னிடம் இல்லை. ஜெபராஜிடம் கேள்.