கோணேசர் மேளத்தைப் பதிவு செய்ய முன்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். ஆடியில் வந்து கோணேசர் கோயில் பூசை மேளத்தைப் பதிவு செய்யப்போவதாக எழுதியிருந்தாய், மெத்தச் சந்தோசம். கமராவைப் பற்றித்தான் கூடக் கேட்டிருக்கிறாய். நான் சத்தத்தில் தொடங்குகிறேன். படம் கொஞ்சம் இருண்டால் பிறகு சரிக்கட்டலாம். சத்தம் வெடித்தால் போனது போனதுதான்.

கெயினும் வொலியூமும் வேறு வேறு. மைக்கிலிருந்து வருவதை ரெக்கோடர் எவ்வளவு பெருக்கிப் பதிய வேண்டும் என்பது கெயின். பதிந்ததை எவ்வளவு உரக்கக் கேட்பது என்பது வொலியூம். கெயின் கூடி மீட்டர் அதன் உச்ச எல்லையான 0 டெசிபலை முட்டினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். அதுதான் கிளிப்பிங். பிறகு வொலியூமைக் குறைத்தாலும் அந்தக் கரகரப்பு குறையாது.

தவில்காரர் சோதனைக்கு மெதுவாகத்தான் தட்டுவார். தீபாராதனைக்கு அடிக்கிற மாதிரி அடிக்கச் சொல்லி, அந்த உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி கெயினை வை. பதிவின் தரத்தை 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்று வை. கெயினைத் தானே கூட்டிக் குறைக்கிற ஓட்டோ கெயினைக் கட்டாயம் நிறுத்து. மேளம் ஓய்ந்ததும் அது தானாகக் கெயினை ஏற்றிக் காற்றையும் சனத்தின் இரைச்சலையும் தூக்கிவிடும்; அடுத்த குச்சி அடி விழும்போது வெடிக்கும்.

மலை உச்சியில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். மைக்கோடு வருகிற பஞ்சுறை அங்கே காணாது, மயிர் உறைதான் வேணும். காற்றின் உறுமல் போன்ற தாழ்ந்த சத்தங்களை வெட்டுகிற லோ கட்டை (low cut) ரெக்கோடரிலேயே போடு. பேச்சுக்கு 80 ஹேர்ட்ஸ் சரி. தவிலுக்கு அது தொப்பிப் பக்கத்தின் கனத்தைக் குறைத்துவிடும், 40க்கு இறக்கு.

படத்துக்குச் செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் செக்கனில் ஐம்பதில் ஒன்று. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். 30 பிரேமும் அறுபதில் ஒன்றும் வைத்தால் அந்த மினுக்கத்தோடு பொருந்தாமல் படத்தில் பட்டைபட்டையாக நிழல் ஓடும். வெளியே உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 4 (லென்ஸ் திறப்பு) வைத்து அதே ஷட்டரில் எடுக்க, வெளிச்சத்தை 32இல் ஒரு பங்காகக் குறைக்கிற என்டி 32 ஃபில்டர் மாட்டவேண்டும்.

ரெக்கோடரும் கமராவும் தனித்தனியே ஓடுவதால் பிறகு படத்தையும் சத்தத்தையும் பொருத்துவதற்குத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கைதட்டு. இரண்டின் கடிகாரமும் சரியாக ஒத்துப்போகாது. நீண்ட பதிவில் உதடும் சத்தமும் மெல்ல விலகும். முடிவுத் தட்டு இருந்தால் எவ்வளவு விலகியது என்று தெரியும். மைக்குக்கும் கமராவுக்கும் பக்கத்தில் நின்று தட்டு. 14 மீற்றர் தள்ளி நின்றால் சத்தம் வந்துசேரவே ஒரு பிரேம் பிந்திவிடும்.

உன் ரெக்கோடரில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது கேபிள் வழியே மைக்குக்குக் கொடுக்கிற மின்சாரம், இருக்கிறதா என்று பார்த்து எழுது. பெரும்பாலான கொண்டென்சர் மைக் அது இல்லாமல் வேலை செய்யாது. இல்லையென்றால் அது தேவைப்படாத டைனமிக் மைக்குகள் இங்கே இருக்கின்றன, அவற்றை எடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்