வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: மொட்டைமாடி ஆண்டெனாவும் பொதிகையும்

அன்புடையீர், வணக்கம்.

"பொதிகை தெரியவில்லை, ஆள் அனுப்புங்கள்" என்று தூத்துக்குடிக் கடைக்கு இன்னமும் அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. ஆளுக்கு முன்னால் இந்த மடலை அனுப்புகிறோம். படித்த பிறகு பலருக்கு ஆளே தேவைப்படாது.

முதலில், பொதிகை மூடப்படவில்லை. 2024 ஜனவரி 19 முதல் அதன் பெயர் டிடி தமிழ். பெட்டியில் பழைய பெயரைத் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். இரண்டாவது, மாடியில் நிற்கும் பழைய ஆண்டெனாவில் அது இனி வராது. பூஸ்டரை மாற்றினாலும் வராது, குழாயை இன்னும் பத்தடி உயர்த்தினாலும் வராது. கோபுரங்களிலிருந்து வந்த தரைவழி ஒளிபரப்பை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி படிப்படியாகக் கைவிட்டது. 2021, 2022க்குள் நாட்டின் பெரும்பாலான கோபுரங்கள் ஓய்ந்துவிட்டன. அப்படியிருந்தும் "பூஸ்டர் மாற்றினால் தூர்தர்ஷன் தெரியும்" என்று சொல்லிச் சிலர் வீடு வீடாகப் பணம் வாங்குவதாகக் கேள்விப்படுகிறோம். கொடுக்காதீர்கள்.

பெயர் ஏன் இத்தனை முறை மாறியது என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று, அவசரநிலைக் காலத்தில் தொடங்கியது. டெல்லியில் 1959லேயே சோதனை ஒளிபரப்பு வந்துவிட்டது, பம்பாய்க்கு 1972, கல்கத்தா நம்மை ஆறு நாள் முந்திக்கொண்டது. அப்போது தொலைக்காட்சி வானொலியின் ஒரு கிளை. 1976 ஏப்ரல் 1 அன்றுதான் தூர்தர்ஷன் தனித்துறையாகப் பிரிந்தது. கறுப்பு வெள்ளைப் படம், மாலையில் சில மணி நேரம், அதுவும் சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் மட்டும்.

அமெரிக்காவில் உள்ளூர் நிலையங்கள் பலவற்றுக்குத் தனி முதலாளி உண்டு. அவர்கள் பெரிய வலையமைப்பு ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு அதன் நிகழ்ச்சிகளை ஒளிபரப்புவார்கள். பேரம் மாறினால் கட்சியும் மாறும். 1994இல் டெட்ராய்ட் நகரில் சிபிஎஸ் என்ற வலையமைப்போடு இருந்த பழைய நிலையம் ஃபாக்ஸ் என்ற வலையமைப்பின் பக்கம் போய்விட்டது. சிபிஎஸ் நிகழ்ச்சிகள் 62ஆம் எண் அலைவரிசைக்கு ஒதுங்கின. அந்த ஊர் ஆண்டெனாக் கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம் நடந்திருக்க வேண்டும். சென்னை நிலையத்துக்கு இந்தச் சுதந்திரமும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை. முதலாளி என்றும் டெல்லிதான். மாறிக்கொண்டே இருந்தது ஒன்றுதான்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சென்னைக்கு, எத்தனை மணி நேரம் டெல்லிக்கு என்பது.

1982 ஆகஸ்ட் 15 அன்று வண்ணமும் தேசிய ஒளிபரப்பும் சேர்ந்து வந்தன. அன்று முதல் மாலை சென்னைக்கு, இரவு டெல்லிக்கு. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அடுத்த வீட்டுத் திண்ணை வரை கூட்டம் நிற்கும். இந்திச் செய்தி தொடங்கியதும் பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

நம் பக்கத்து நிலைமை இன்னும் விசித்திரம். 1984இல் நாடெங்கும் சிறிய கோபுரங்கள் மளமளவென்று எழுந்தன. ஆனால் அவை செயற்கைக்கோள் வழியே டெல்லி அனுப்பியதை வாங்கி அப்படியே கக்கும் கோபுரங்கள்; சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகள் அவற்றில் இல்லை. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியோ கடலைத் தாண்டி இங்கே வந்தது. கிரிக்கெட்டும் வந்தது, தமிழும் வந்தது. அதனால்தான் நம் ஊர் வீடுகளில் ஒரே குழாயில் இரண்டு ஆண்டெனா. ஒன்று தென்கிழக்கே இலங்கையைப் பார்க்கும். கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகு, சென்னை நிகழ்ச்சிகளுக்காக மற்றொன்று வடக்கே திரும்பியது. காற்றில் குழாய் திரும்பிவிட்டால் மாடியில் ஒருவர், முற்றத்தில் ஒருவர், பெட்டிக்கு முன்னால் ஒருவர் நின்று கத்த வேண்டியிருக்கும்.

அதற்குப் பிந்தியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெருநகரங்களுக்கென்று இருந்த இரண்டாம் அலைவரிசை 'மெட்ரோ' ஆயிற்று. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தது; கேபிள் வந்த தெருக்களில் ஆண்டெனாவுக்கு மவுசு போயிற்று. தூர்தர்ஷனின் தமிழ்ச் செயற்கைக்கோள் அலைவரிசை முதலில் டிடி-5 என்ற வெறும் எண்ணாக இருந்து, பிறகு பொதிகை ஆனது. மெட்ரோவை 2003 நவம்பர் 3 அன்று மூடி, அந்த இடத்தில் டிடி நியூஸைக் கொண்டுவந்தார்கள். "மெட்ரோ எங்கே?" என்று இன்றும் கேட்கும் இரண்டு மூன்று பெரியவர்களுக்கு இதுவே பதில்.

இனி நடைமுறை. கேபிள் இணைப்பு உள்ளவர்கள் எதுவும் வாங்க வேண்டாம். தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று 1995 கேபிள் சட்டமே சொல்கிறது. அவை இலவச அலைவரிசைகள் என்பதால் யாரும் அவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்க முடியாது. தெரியவில்லை என்றால் ரிமோட்டில் அமைப்புகளுக்குள் போய் அலைவரிசைகளை மறுபடி தேடச் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் கேபிள்காரரிடம் கேளுங்கள்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு, தட்டு வைத்துச் செயற்கைக்கோளிலிருந்து நேரே இலவசமாகப் பார்க்கும் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. தட்டுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு, அதோடு சரி. 2004இல் தொடங்கிய சேவை இது. டிடி தமிழும் இதில் உண்டு. அதன் செயற்கைக்கோள் நமக்கு ஏறக்குறைய அந்தப் பழைய ரூபவாஹினி ஆண்டெனா பார்த்த அதே தென்கிழக்கில்தான் இருக்கிறது, ஆனால் வானத்தில் வெகு உயரத்தில். ஆகவே தென்னை மட்டையோ பக்கத்து வீட்டு மாடியோ அந்தத் திசையை மறைக்கிறதா என்று பார்த்துவிட்டு எங்களிடம் சொல்லுங்கள்.

பழைய ஆண்டெனாவை ஆடிக் காற்றுக்கு முன்னால் இறக்கிவிடுவது நல்லது. முப்பது ஆண்டு உப்புக் காற்றில் நின்ற குழாய், அடியில் கவ்வியிருக்கும் இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் திடமாகத் தெரியும். மின்கம்பி அருகில் போகும் வீடுகளில் நீங்களே ஏறி இறக்க வேண்டாம். நாங்கள் வந்து இறக்கித் தருகிறோம். கூலி மட்டும்தான், அலுமினியக் குச்சிகளும் குழாயும் உங்களுடையவை, பழைய இரும்புக் கடையில் போட்டால் கூலியில் ஒரு பகுதி திரும்பிவிடும்.

அழைக்கும்போது வீட்டில் கேபிளா, தட்டா, வெறும் ஆண்டெனாவா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இல்லை.

இப்படிக்கு,
தொலைக்காட்சி விற்பனை, பழுதுபார்ப்புக் கடையினர்
தூத்துக்குடி