பாதியில் நின்ற மாற்றம்

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் நிலவியல் எடுத்திருக்கிறாள் என்ற செய்தி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பாறை உருகாமலே எப்படி வேறு பாறையாக மாறும் என்று அவள் கேட்டதற்குப் பாடநூலின் பாறைச் சுழற்சிப் படத்தைக் காட்டியதாக எழுதியிருந்தாய். அந்தப் படத்தில் அம்புக்குறிகள்தாம் இருக்கின்றன. அம்புக்குறிக்குள் நடப்பதைத்தானே அவள் கேட்கிறாள்?

அதற்கு நான் அறிந்த நல்ல விடை, சென்ற மாதம் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது மறுபடியும் பார்த்துவந்த கப்பாளதுர்காவில் இருக்கிறது. பெங்களூருக்குத் தெற்கே, கனகபுரா வட்டாரத்தில் உள்ள மலை அது. அங்கே கல் வெட்டிய முகப்பில், வெளிர்ச் சாம்பல் நிறத்தில் வரிவரியாக இருக்கும் நைஸ் பாறைக்குள், எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும் கரும்பச்சைத் திட்டுகள் ஆங்காங்கே தெரிகின்றன. நைஸின் வரிகள் திட்டுக்குள் நுழைந்து, சிறிது தூரம் சென்று மங்கி மறைவதால், அந்தத் திட்டு வெளியிலிருந்து புகுந்த பாறைக்குழம்பு அன்று, இருந்த பாறையே இருந்த இடத்தில் மாறியது என்பது புலப்படும்.

அந்தக் கரும்பச்சைப் பாறைதான் சார்னகைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உன் வீட்டைச் சுற்றி இருப்பதும் அதுவே. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் சார்னக்கின் பெயரையே அந்தப் பாறைக்குச் சூட்டினார். ஹாலந்து அதைப் பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகிய தீப்பாறை என்றே கருதினார். 1960இல் நிலவியலாளர் சி. எஸ். பிச்சமுத்து கப்பாளதுர்காவைப் பற்றி எழுதியபோது, சார்னகைட் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையையே நாம் அங்கே காண்கிறோம் என்றார். நம் நாட்டு நிலவியலில் இதைவிடக் கூர்மையான கள அவதானிப்பு அரிது என்பது என் எண்ணம்.

நடந்தது இதுதான். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று வெயிலில் கிடக்கும் இந்த முகப்பு பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் இருந்தது. வெடிப்புகளின் வழியாகவும் வரிகளின் வழியாகவும் கரியமில வாயு மிகுந்த பாய்மம் ஊடுருவியது. அது சென்ற இடத்தில் நீரின் பங்கு குறைய, தன் படிகத்துக்குள் நீரை வைத்திருந்த கறுப்பு அபிரகம் நிலைகுலைந்து, ஹைப்பர்ஸ்தீன் என்னும் நீரற்ற கனிமமாக மாறியது. சிற்சில இடங்களில் பாறை கொஞ்சம் உருகியும் இருக்கலாம். ஆயினும் மாற்றத்தின் பெரும்பகுதி திண்மநிலையிலேயே, படிகம் படிகமாக நடந்தது. பாய்மம் எட்டாத இடத்தில் நைஸ் நைஸாகவே நின்றுவிட்டது. அங்கிருந்து தெற்கே பிலிகிரிரங்கன் மலைக்குப் போனால், இன்னும் ஆழத்தில் இருந்த பாறை மேலே வந்திருப்பதால், மலை முழுவதும் சார்னகைட்டாகவே இருக்கும்.

என்னை நெடுநாள் சிந்திக்க வைப்பது வேறொன்று. ஆழத்தில் நீரை விலக்கி இந்தக் கல்லை உருவாக்கிய அதே கரியமில வாயு, மேற்பரப்பில் மழைநீரில் கரைந்து மென்மையான அமிலமாகி, அதே கல்லைச் சிதைக்கிறது. அதிலுள்ள கனிமங்களில் ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது, ஹைப்பர்ஸ்தீனிலிருந்த இரும்பு துருவாகி மண்ணைச் சிவப்பாக்குகிறது, குவார்ட்ஸ் மட்டும் பெரிதும் மாறாமல் மணலாக ஆற்றோடு போகிறது. அந்த மணலும் களிமண்ணும் படிந்து, புதைந்து, இறுகினால் படிவுப் பாறை. அது மறுபடியும் அவ்வளவு ஆழத்துக்குப் போகுமா என்பது நிலத்தட்டுகளின் நகர்வைப் பொறுத்தது. எல்லாப் பாறைக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. பாடநூல் வட்டம் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அரையாண்டு விடுமுறையில் அவளையும் அழைத்துக்கொண்டு பெங்களூருக்கு வா. நானும் அங்கேதான் இருப்பேன். ஒரு நல்ல கைலென்ஸ் வாங்கிக் கொடு. எந்த இடத்தில் அபிரகம் முடிந்து ஹைப்பர்ஸ்தீன் தொடங்குகிறது என்பதை அந்த முகப்பில் அவளே தேடிக் காணட்டும்.

அன்புடன்,
இராமநாதன்