தெரிவுகளை வேலைவாரியாக அடுக்கித் தாருங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கட்டற்ற மென்பொருள் எழுதும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கும் கோப்புகளை, இன்று பொதுவாகப் புழங்கும் யூனிகோடுக்கு மாற்ற நீங்கள் எழுதிய கட்டளைவரிக் கருவி (கட்டளையைத் தட்டி இயக்குவது), கல்முனையில் எங்கள் அச்சகத்தில் ஓயாமல் ஓடுகிறது. கோயில் மலர், பள்ளிவாசல் அறிவித்தல், பாடசாலை ஆண்டிதழ் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. வேலை சுத்தம். ஆனால் ஹெல்ப் கேட்டால் வரும் தெரிவுப் பட்டியலை, அதாவது கட்டளையோடு சேர்க்கக்கூடிய ஆப்ஷன்களின் பட்டியலைத் திருத்த வேண்டும்.

இப்போது எல்லாத் தெரிவுகளும் ஆங்கில அகர வரிசையில் ஒரே நீளமாக வருகின்றன. பெயர் தெரிந்தவருக்குத்தான் அகர வரிசை உதவும். எங்களிடம் வேலை பழகும் பிள்ளைக்குப் பெயர் தெரியாது, செய்யவேண்டிய வேலைதான் தெரியும். ஒரு கோப்புறை முழுவதையும் ஒரேயடியாக மாற்ற நினைத்தால், மேலிருந்து கீழ்வரை வாசித்துத்தான் ஆகவேண்டும். அதைவிட மோசம், அவுட்புட்டும் ஓவர்ரைட்டும் எழுத்து ஒற்றுமையால் அடுத்தடுத்து நிற்பது. ஒன்று புதுக் கோப்பு எழுதும், மற்றது மூலத்தின் மேலேயே எழுதிவிடும். வாடிக்கையாளர் தந்த ஒரே பிரதி போனால் யாரிடம் கேட்பது? மூலத்தைத் தொடும் தெரிவுகளுக்குத் தனித் தலைப்பு வேண்டும்.

பெரிய கருவிகள் இதைச் செய்துதான் இருக்கின்றன. கோப்புகளுக்குள் சொல் தேடும் குனூ கிரெப் கருவியின் ஹெல்ப்பில் தேடும் கோலம், வெளியீடு, சூழ்வரிகள் என்று தலைப்புகள் உண்டு. இணையம் வழியாகத் தரவை எடுக்கவும் அனுப்பவும் உதவும் கர்ல் கருவிக்கு இருநூறுக்கு மேல் தெரிவுகள். 2020 இல் வந்த 7.73.0 பதிப்பிலிருந்து ஹெல்ப் என்றால் முக்கியமானவை மட்டும் வரும், வகையின் பெயரைச் சேர்த்தால் அந்த வகை வரும், ஆல் என்றால் முழுவதும் வரும். உங்கள் கருவி பைதன் மொழியில், தெரிவுகளை வாசித்து ஹெல்ப்பையும் அச்சிடும் ஆர்க்பார்ஸைக் கொண்டு எழுதியது. அதில் தெரிவுகளைக் குழுவாக்க ஆட் ஆர்கியுமென்ட் குரூப் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, தலைப்பும் விளக்கமும் கொடுத்துத் தெரிவுகளை அதில் சேர்த்தால் போதும்.

தமிழ் விளக்கம் எழுதும்போது இன்னொரு சிக்கல். ஆர்க்பார்ஸ் யூனிகோட் குறிகளை எண்ணித்தான் இடைவெளி விடுகிறது. 'கோப்பு' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, அதற்கோ ஆறு. அதனால்தான் பத்தி கோணலாகிறது. விளக்கம் எத்தனையாவது இடத்துக்குள் தொடங்கவேண்டும் என்று சொல்லும் மேக்ஸ் ஹெல்ப் பொசிஷன் வழக்கமாக 24. அதை 6 ஆக்கினால் விளக்கம் அடுத்த வரிக்கு இறங்கிவிடும், நேராக்கும் தொல்லையே இல்லை.

'ஏனையவை' என்ற தலைப்பில் அள்ளிப் போடவேண்டாம், கிரெப்பிலும் அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்காதது. உள்ளீடு, வெளியீடு, எழுத்துரு, மூலத்தை மாற்றுபவை என்ற நான்கும் உங்கள் கருவிக்குக் காணும். அகர வரிசைப் பட்டியல் கையேட்டுப் பக்கத்தில் இருக்கட்டும், அங்கே அது தேவைதான்.

தலைப்புகளின் தமிழை அச்சகத்தில் புழங்கும் சொற்களில் நாங்களே எழுதி அனுப்புகிறோம். அடுத்த பதிப்பு வெளிவரும் முன் ஒருமுறை கேளுங்கள்.

அன்புடன்,
கல்முனை அச்சகத் தொழிலாளி ஒருவர்