கடாரத்துக் கல்லைப் பார்த்தேன்

பீடோங், கெடா
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

இங்கு நான் நலம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சுதை வேலை முக்கால் பங்கு முடிந்துவிட்டது. மழை விட்டால் வண்ணம் தீட்டத் தொடங்கிவிடுவோம். லயத்து வீட்டில் தங்கல், வேளைக்குச் சோறு, சம்பளம்தான் இம்மாதமும் தாமதம்.

நான் புறப்பட்ட அன்று, "கடாரத்தில் நம்மவர்கள் கட்டிய கோயில் இருக்கிறதாம், பார்த்துவிட்டு எழுது" என்றீர்கள் அல்லவா? நாம் கடாரம் என்பது மலேசியாவின் இந்தக் கெடாதான். இன்று கோயில் தலைவர் தம் காரில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, ஜெராய் மலையடியில் இருக்கிறது; 1980இல் திறந்ததாம். பாசிமணிகளையும் சீனப் பீங்கான் ஓடுகளையும் விரைவாகப் பார்த்து முடித்தேன்.

என் மனம் வெளியே, மேட்டில் இருந்த புக்கிட் பத்து பஹாட் கோயிலிலேயே இருந்தது. மலாயில் 'பத்து பஹாட்' என்றால் உளியால் கொத்திய கல் என்று தலைவர் சொன்னதும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். 1936–37இல் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் அகழ்ந்த இதை, 1959–60இல் அலஸ்டர் லாம்ப் என்பவர் சரிந்து கிடந்த கற்களை எடுத்தடுக்கி மீண்டும் நிறுத்தியிருக்கிறார். மேற்கே கருவறை, கிழக்கே மண்டபம். அமைப்பு நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் குனிந்து பார்த்தால், யாளி உருவங்கள் செதுக்கிய வரி இல்லை, சுவரில் சிலை வைக்கும் கோட்டம் இல்லை, மலையோடையில் கிடைத்த கருங்கல்லை வேண்டிய அளவுக்கு மட்டும் கொத்தி அடுக்கியிருக்கிறார்கள். மண்டபத்தில் தூண்கள் இல்லை, அவற்றைத் தாங்கிய அடிக்கற்கள் மட்டும் நிற்கின்றன. தூணும் கூரையும் மரமாக இருந்து மக்கிப்போயிருக்கின்றன. 1025இல் இராசேந்திர சோழனின் கப்பற்படை இங்கு வந்தது உண்மைதான் என்றாலும், இது நம் ஊர்த் தச்சர் கை இல்லை, அப்பா. நம் ஆகமத்தைக் கேட்டறிந்த இந்த மண்ணின் ஆட்கள், தங்களுக்குத் தெரிந்த மரவேலையோடு அதைப் பொருத்திக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. நீங்கள் வருந்த வேண்டாம். எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது.

இப்பள்ளத்தாக்கின் வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்த அடித்தளங்களையும் அதே வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். பெயர்த்து வந்தவையாவது பிழைத்தன. சுங்கை பத்துவில் இருந்த ஒரு கோயிலின் அடித்தளத்தை 2013இல் வீடு கட்டும் நிலத்துக்காக இடித்தே விட்டார்கள் என்று தலைவர் வருத்தத்தோடு சொன்னார்.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. இக்கோயிலின் அடியில், குழிகள் குடைந்த கற்பேழைகள் கிடைத்திருக்கின்றன. உள்ளே பொன்தகடும் மணிக்கற்களும் இருந்தனவாம். கோயில் எழுப்பும்போது நாம் பேழை புதைக்கும் கர்ப்பநியாசம்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நீங்கள் வாயிலின் வலப்புறம் ஒரே பேழை வைத்துத்தான் நான் பார்த்திருக்கிறேன். இங்கோ ஒன்றல்ல, பல. ஒரே கருவறைக்கு இத்தனை வைக்கும் முறை தாத்தா காலத்தில் இருந்ததா? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள். அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருபவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் அன்பு மகன்